கேபசிட்டபின் – ஆக்சாலிபிளாட்டின் கீமோ: எதைத் தாங்கலாம், எதற்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நிணநீர்க் கணுக்களிலும் நோய் இருந்ததால் மூன்றாம் நிலை என்று சொல்லிக் கீமோ தொடங்கியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். அதைத் தொடர்ந்து 14 நாள் வீட்டில் காலையும் இரவும் கேபசிட்டபின் மாத்திரை, பிறகு 7 நாள் ஓய்வு. இப்படி 8 சுற்றுகள் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது இரண்டாவது சுற்று நடக்கிறது. அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு.

டிரிப்ஸ் ஏற்றிய பின் சில நாட்களுக்குக் குழாய்த் தண்ணீரைத் தொட்டாலே விரல்களில் சுரீர் என்று ஏறுகிறது என்கிறார். அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வயிற்றுப்போக்கு. நேற்றிலிருந்து அடிக்கடி போகிறார். இரவிலும் எழுந்து போகிறார். எத்தனை முறை என்று கேட்டால் சரியாகச் சொல்வதில்லை. "மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம், பொறுத்துக்கொள்கிறேன்" என்கிறார். வீட்டுக்கு வரும் உறவினர்களும் அதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி அடுத்த சுற்றின்போதுதான் வருகிறது.

எதை வீட்டிலேயே சமாளிக்கலாம், எதற்குக் காத்திராமல் போக வேண்டும் என்பதை அறிந்தவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டுகிறேன். இந்த மருந்தைத் தொடங்கும் முன் ஐரோப்பிய நாடுகளில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள் என்றும் படித்தேன். அது என்ன, நாங்களும் செய்திருக்க வேண்டுமா?

செவிலியர் மதுரை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். மற்றக் கேள்விகளுக்கு இங்கே பலரும் விடை சொல்வார்கள். அவசரமான வயிற்றுப்போக்கைப் பற்றி மட்டும் நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாகப் போவதைவிட நாளொன்றுக்கு 4 முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலும், உறக்கத்திலிருந்து எழுந்து போக நேர்ந்தாலும், கேபசிட்டபினை நிறுத்திவிட்டு மருத்துவமனையை அழைக்க வேண்டும். இம்மருந்துக்கு உரிய நெறி இதுதான். உங்கள் அம்மா இரவில் எழுந்து போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்பே அழைத்துப் பேசுங்கள். நிறுத்திய வேளைகளுக்குரிய மாத்திரைகளைப் பின்னர் சேர்த்துக் கொடுத்து ஈடுகட்டக் கூடாது.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். குடலின் உட்சவ்வு சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. வேகமாகப் பிரியும் அணுக்களைத் தாக்கும் இம்மருந்து அதையும் தாக்குகிறது. வயிற்றுப்போக்கில் நீரும் பொட்டாசியமும் வெளியேறினால் சிறுநீரகம் தளர்கிறது. கேபசிட்டபினின் சிதைவுப் பொருள்கள் சிறுநீர் வழியாகவே வெளியேற வேண்டியவை என்பதால், சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தின் நச்சுத்தன்மை கூடி வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகிறது. அதே நாட்களில் வெள்ளையணுக்களும் குறைந்திருந்தால், புண்ணான குடற்சுவர் வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் நுழைந்துவிடும். நான்கைந்து நாள் வீட்டிலேயே பொறுத்திருந்து, ரத்த அழுத்தம் விழுந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். பலர் முதல் நாளே ஒரு தொலைபேசி அழைப்போடு தப்பியிருக்கக் கூடியவர்கள்.

காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு மணி நேரம் நீடித்தாலும், ஒரே ஒரு தடவை 101 காட்டினாலும், நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். டிரிப்ஸ் ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கக் கூடிய காலம். அப்போது வரும் காய்ச்சலுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பதே எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விதி. பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தால் காய்ச்சல் மறைந்து தொற்று மட்டும் உள்ளே வளரும். நெஞ்சுவலி வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும், ஏனெனில் இம்மருந்து இதயத்தின் ரத்தக்குழாய்களைச் சிலருக்கு இறுகச் செய்துவிடுவதுண்டு.

கொங்குநாடன் எழுதியது:

நான் இதே சிகிச்சையை எடுத்து முடித்தவன் என்பதால் சற்று வேறுபட்ட கருத்தைப் பதிவு செய்கிறேன். செவிலியர் அம்மையார் சொன்ன அவசர அறிகுறிகளை மறுக்கவில்லை. ஆனால் சின்னச் சின்ன உபாதைகளுக்கெல்லாம் மாத்திரையை நிறுத்துவதும் அளவைக் குறைப்பதும் வழக்கமாகிவிட்டால், நோயை ஒழிப்பதற்காகத் தொடங்கிய சிகிச்சை அரைகுறையாகிவிடும் என்பது என் அச்சம். எனக்கு 8 சுற்றுகளும் முழு அளவில் நடந்தன. உள்ளங்கை தோலுரிந்தது, உணவு பிடிக்கவில்லை, விரல்கள் மரத்தன. ஆயினும் இந்த நோய் திரும்பி வந்தால் இதைவிடக் கடினமாக இருக்கும் என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். இன்று நலமாக இருக்கிறேன். அம்மாவை அச்சுறுத்தாமல் உறுதியாக இருக்கச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மருந்தாளுநர் திருச்சி எழுதியது:

கொங்குநாடன் ஐயா எழுப்பிய கேள்விக்கு மருத்துவர் ஒருவர் விடை சொல்வதே பொருத்தம். நான் மருந்துகளின் பக்கத்திலிருந்து, வீட்டில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

குளிரால் வரும் விரல் கூச்சம் ஆக்சாலிபிளாட்டினுக்கே உரியது. டிரிப்ஸ் ஏற்றிய ஒரு வாரம் வரையாவது அம்மா குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமலிருப்பதும், குடிக்கவும் முகம் கழுவவும் வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்துவதும் நல்லது. குளிர்ந்ததை விழுங்கும்போது தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிட்டது போன்ற உணர்வு சிலருக்கு வரும். அது பெரும்பாலும் நரம்பின் கூச்சமே. வெதுவெதுப்பான காற்றிலும் நீரிலும் சிறிது நேரத்தில் அடங்கும். ஆனால் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே தோல் அரிப்பு, முகச் சிவப்பு, மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமை. அந்த நொடியே செவிலியரை அழைக்க வேண்டும். முதல் சில சுற்றுகள் நன்றாகப் போனவர்களுக்கும் பின்னாளைய சுற்றுகளில் இந்த ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், பழகிவிட்டது என்று அயர்ந்துவிடலாகாது.

கேபசிட்டபினை உணவு முடித்த அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இனி முக்கியமானது ஒன்று. நம் வீடுகளில் கீமோ எடுப்பவர் சோர்ந்திருந்தால் ரத்தம் ஊறட்டும் என்று யாராவது ஒரு சத்து மாத்திரையை வாங்கிவந்துவிடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும். ஃபோலிக் அமிலம் கேபசிட்டபினின் விளைவை உடலில் கூட்டிவிடும் தன்மை கொண்டது. வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாவதற்கு அது காரணமாகலாம். அம்மா அப்படி ஏதேனும் எடுக்கிறாரா என்று இன்றே பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவும், வலிப்புக்காக ஃபெனிட்டோயின் எடுப்பவர்களுக்கு அம்மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறுவதும் கேபசிட்டபினால் நேரக்கூடும். கஷாயங்களைப் பொறுத்தவரை, உள்ளே என்ன மூலிகை எவ்வளவு இருக்கிறது என்பதை எவரும் எழுதித் தருவதில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே சுமை தாங்கும் வேளையில் அதைச் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வாந்தியைத் தடுக்கக் கீமோ நாளில் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ரத்தச் சர்க்கரையை இரண்டு மூன்று நாளுக்கு ஏற்றிவிடும். அந்த நாட்களில் சர்க்கரையை அளந்து குறித்து வையுங்கள்.

புற்றியல் மருத்துவர் எழுதியது:

இங்கு நான் எழுதுவது பொதுவான விளக்கம். நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு மாற்றாக அதைக் கொள்ள வேண்டாம்.

கொங்குநாடன் அவர்களின் அச்சம் இயல்பானது. எங்கள் அறைக்கு வரும் நோயாளிகளில் பலர் இதே அச்சத்தால்தான் உபாதைகளை மறைக்கிறார்கள். ஆனால் பக்கவிளைவின் கடுமைக்கும் மருந்தின் பலனுக்கும் அப்படி நேரான உறவு கிடையாது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கடுமையாக வருவது, அவருடைய உடல் அந்த மருந்தை எவ்வளவு மெதுவாகச் சிதைக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்பவற்றைப் பொறுத்தது. உயரத்தையும் எடையையும் கொண்டு நாங்கள் போடும் அளவு ஒரு தொடக்கக் கணக்கு மட்டுமே. அது ஒருவருக்குப் பொருந்துகிறதா என்பது முதலிரண்டு சுற்றுகளில்தான் தெரியும். பக்கவிளைவுக்காகக் கேபசிட்டபினின் அளவைக் குறைத்தவர்களிடம் அதன் பலன் குன்றிவிடவில்லை என்பதே முந்தைய ஆய்வுகளை மீண்டும் பகுத்துப் பார்த்தபோது கண்டது.

அளவைக் குறைப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மிதமான வயிற்றுப்போக்கு முதல்முறை வந்தால் நிறுத்தி, சரியானதும் அதே அளவில் தொடங்குகிறோம். இரண்டாம் முறை வந்தாலோ முதல்முறையே கடுமையாக வந்தாலோ 75 விழுக்காடாகக் குறைக்கிறோம். அதன் பின்னும் வந்தால் 50 விழுக்காடு. ஒருமுறை குறைத்த அளவைப் பிறகு ஏற்றுவதில்லை. இந்த ஏணியில் சரியான படியைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு வேண்டியது, எத்தனை முறை, எந்த நாள், இரவிலா பகலிலா என்ற விவரமே. நோயாளி சொல்லாமல் விட்டால் அடுத்த சுற்றிலும் அதே அளவு போகும்.

ஆக்சாலிபிளாட்டினைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குளிரால் வரும் கூச்சம் சில நாட்களில் போய்விடும். சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே வரும் மரத்துப்போதல் அப்படிப்பட்டதன்று. சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு அது கூடக்கூடும், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். தடுக்கும் மருந்து என்று நம்பிக்கையோடு சொல்ல இன்றுவரை ஒன்றுமில்லை. வலியோடு கூடிய மரப்புக்கு டுலோக்ஸெட்டின் ஓரளவு உதவுகிறது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே நரம்பு தளர்ந்தவர்களிடம் இன்னும் கவனம் தேவை.

இந்த இடத்தில்தான் 2018இல் வெளியான ஐடியா கூட்டாய்வு முக்கியமாகிறது. 6 ஆய்வுகளைச் சேர்ந்த 12,834 மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் 3 மாதச் சிகிச்சையையும் 6 மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். 3 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 74.6 விழுக்காடும் 75.5 விழுக்காடும். மொத்தக் கணக்கில் 3 மாதம் எவ்வகையிலும் குறைந்ததன்று என்று நிறுவ முடியவில்லை. ஆனால் கட்டி குடற்சுவரைத் தாண்டி வெளிப்பரப்பை எட்டாமலும், நோயுள்ள கணுக்கள் மூன்றுக்கு மேற்படாமலும் இருந்தவர்களுக்கு, அதுவும் உங்கள் அம்மா எடுக்கும் இதே மருந்துக் கூட்டில், 3 மாதமே போதுமானதாக இருந்தது. குறிப்பிடத்தக்க நரம்புப் பாதிப்போ 6 மாதம் எடுத்தவர்களில் 44.9 விழுக்காட்டினருக்கும், 3 மாதம் எடுத்தவர்களில் 14.2 விழுக்காட்டினருக்கும் வந்தது. பயாப்சி அறிக்கையில் அம்மாவின் கட்டி எந்தப் பிரிவில் இருக்கிறது, 4 சுற்றுகள் போதுமா, 8 தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது கேட்கத் தகுந்த கேள்வி. எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செவிலியர் அக்காவின் பதிவைப் படித்ததும் மருத்துவமனையை அழைத்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அழைத்து வரச் சொன்னார்கள். பொட்டாசியம் குறைந்திருந்தது, வெள்ளையணுக்கள் சற்றே குறைவு, காய்ச்சல் இல்லை. நீர்ச்சத்துக்கு டிரிப்ஸ் ஏற்றி, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு கொடுத்து, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சரியான பிறகு அளவைக் குறைத்துத் தொடங்கலாம் என்றார்கள். வீட்டில் தேடிப் பார்த்தபோது, சித்தி வாங்கிக் கொடுத்த சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் இருந்தது. அம்மா அதைத் தினமும் எடுத்து வந்திருக்கிறார். மருத்துவரிடம் காட்டி நிறுத்திவிட்டோம்.

4 சுற்றா 8 சுற்றா என்றும் கேட்டேன். கணுக்களின் எண்ணிக்கை அதிகம் என்பதால் 8 என்றே திட்டமிட்டிருக்கிறார்கள். ஆனால் மரப்பு கூடினால் ஆக்சாலிபிளாட்டினை மட்டும் இடையில் நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடர முடியும் என்று விளக்கினார்கள். இதை அறிந்ததே அம்மாவுக்குப் பெரிய ஆறுதல்.

வடமராட்சி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். காய்ச்சல் பற்றிச் செவிலியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இங்கே மழைக்காலம் தொடங்கியதும் டெங்கு வந்துவிடும். அந்த நாட்களில் எவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இரண்டு நாள் பனடோல் (பாராசிட்டமால்) குடித்துப் பார்த்துவிட்டு ரத்தம் சோதிப்பது ஊர் வழக்கம். என்னுடைய அண்ணர் கீமோவில் இருந்தபோது வந்த காய்ச்சலையும் அயலவர்கள் டெங்கு என்றே எண்ணினார்கள். அண்ணி மட்டும் பிடிவாதமாக அன்றிரவே வாகனம் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளையணு மிகவும் தாழ்ந்திருந்தது. டெங்கு இல்லை, ரத்தத்தில் கிருமி. தப்பிவிட்டார். டெங்கிலும் கீமோவிலும் ரத்தத்தட்டுகளும் வெள்ளையணுக்களும் குறையும் என்பதால் ரத்த அறிக்கையை மட்டும் பார்த்தவர்களும் குழம்பிவிடக்கூடும். எனவே வாசலில் இருக்கும் வைத்தியரிடம் முதல் வார்த்தையாக "இவர் கீமோ எடுக்கிறார், கடைசியாக ஏற்றிய திகதி இது" என்று சொல்லுங்கள். மருந்தின் பெயரும் திகதியும் எழுதிய ஒரு துண்டு எப்போதும் நோயாளியின் பையில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் குடித்துப் பார்ப்பார்கள் என்று அறிவேன். கீமோ எடுப்பவருக்கு வரும் காய்ச்சலில் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

ஆய்வு மாணவி எழுதியது:

தொடக்கப் பதிவில் கேட்ட ரத்தப் பரிசோதனையைப் பற்றி நான் எழுதுகிறேன். கேபசிட்டபின் உடலுக்குள் சென்று 5-ஃப்ளூரோயுராசிலாக மாறுகிறது. 1957இல் சார்ல்ஸ் ஹைடெல்பர்கர் குழுவினர் உருவாக்கிய பழைய மருந்து அது. உடலுக்குள் போகும் 5-ஃப்ளூரோயுராசிலில் 80 விழுக்காட்டுக்கும் மேலானதை டி.பி.டி. என்ற நொதி சிதைத்துவிடுகிறது. இந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். ஐரோப்பிய வம்சாவளியினரில் 9 விழுக்காடு வரை இந்த நொதி குறைவாக இருக்கலாம் என்றும், அறவே இல்லாதவர்கள் 0.5 விழுக்காடு வரை இருக்கலாம் என்றும் ஐரோப்பிய மருந்து முகமை கணக்கிட்டு, 2020இல் சிகிச்சைக்கு முன் இதற்கான பரிசோதனையைப் பரிந்துரைத்தது.

இந்த நொதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரமான சான்று உண்டு. 1993இல் ஜப்பானில் அக்கிக்காகச் சொரிவுடின் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. அது குடலில் சிதைந்து உண்டாக்கும் பொருள் டி.பி.டி. நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். புற்றுநோய்க்காக 5-ஃப்ளூரோயுராசில் வகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகளுக்கு அக்கி வந்து இம்மருந்தும் சேர்ந்தபோது, சில வாரங்களுக்குள் குறைந்தது 15 பேர் இறந்தனர். மருந்து திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் பிறவியில் நொதிக் குறைபாடு கொண்டவர்கள் அல்லர். இரண்டாவது மருந்து அந்தக் குறைபாட்டை உண்டாக்கிவிட்டது.

பரிசோதனை செய்வதால் இழப்பு ஒன்றுமில்லை, நம் நாட்டிலும் அனைவருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

புற்றியல் மருத்துவர் எழுதியது:

மாணவி சொன்ன அறிவியல் சரியானது. கட்டாயமாக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒரு தயக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரபணுப் பரிசோதனையில் வழக்கமாகத் தேடப்படும் 4 மாற்றங்களும் ஐரோப்பிய மக்களிடம் கண்டறியப்பட்டவை. நம் மக்களிடம் அவற்றில் சில அரிது. ஆகவே இங்கே ஒருவருக்கு அந்த நான்கும் இல்லை என்று அறிக்கை வந்தால், டி.பி.டி. நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. மரபணுவைப் பார்ப்பதற்குப் பதிலாக டி.பி.டி. நொதி சிதைக்கும் யுராசில் என்ற பொருளின் அளவை ரத்தத்தில் பார்க்கும் முறையைப் பிரான்ஸ் நாடு கடைப்பிடிக்கிறது; ஆனால் ரத்தம் எடுத்த பின் மாதிரியைக் குளிரில் வைத்து விரைந்து பிரிக்காவிட்டால் அதன் அளவு பொய்யாக ஏறிவிடும். செலவைத் தாங்கக் கூடியவர்களுக்குப் பரிசோதனை செய்வதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அறிக்கை சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில் முதல் சுற்றைக் கவனிக்காமல் விடுவதைத்தான் அஞ்சுகிறேன். முதல் சுற்றின் முதல் பத்து நாட்களிலேயே கடும் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளையணுச் சரிவு மூன்றும் சேர்ந்து வந்தால் இந்தக் குறைபாட்டை நினைக்க வேண்டும். இதன் நச்சை முறிக்கும் யுரிடின் ட்ரைஅசெட்டேட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2015இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் கடைசி வேளை மருந்து எடுத்த 96 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கியாக வேண்டும், நம் ஊரில் அது எளிதில் கிடைப்பதும் இல்லை. நமக்கு இருக்கும் வழி, மாத்திரையை உரிய நேரத்தில் நிறுத்துவதுதான்.

கொங்குநாடன் எழுதியது:

மருத்துவர் தந்த விளக்கத்துக்கு நன்றி. என்னுடைய மருத்துவர் எனக்கு 8 சுற்றுகள் பரிந்துரைத்ததற்கு அன்றைய காரணங்கள் இருந்தன. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மரப்பைப் பற்றிப் புற்றியல் மருத்துவர் இங்கே எழுதியதைப் படித்தபோது, நான் முன்பு சுருக்கமாகக் கடந்ததை விரித்துச் சொல்வது பிறருக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கடந்தும் என் பாதங்களில் உணர்ச்சி முழுமையாகத் திரும்பவில்லை. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. வெந்நீரைக் காலில் ஊற்றுவதற்கு முன் மனைவி கையால் தொட்டுப் பார்க்கிறார். சட்டைப் பொத்தானைப் போடப் பார்வையின் துணை வேண்டும். பொத்தான் போடுவது, எழுதுவது, படியிறங்குவது ஆகியவற்றில் தடுமாற்றம் தொடங்கியதா என்று ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மரத்திருக்கிறதா என்று கேட்டால் நாம் "கொஞ்சம்" என்றுதான் சொல்லிவிடுகிறோம். அந்த விடையை வைத்து மருத்துவரால் ஒன்றும் முடிவு செய்ய இயலாது.

பொருநைக்கரை எழுதியது:

ஐயா எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பொத்தான் போட முடிகிறதா என்று தானே சோதித்துப் பார்த்தார். குறைத்த அளவில் அடுத்த சுற்று தொடங்கியிருக்கிறது. வயிறு அமைதியாக இருக்கிறது. ஆனால் உள்ளங்கையும் விரல் நுனிகளும் சிவந்து, தோல் வழவழப்பாகிவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுவும் மருந்தால்தானா?

மருந்தாளுநர் திருச்சி எழுதியது:

ஆம், கேபசிட்டபினால் வரும் கை-கால் தோல் அழற்சியே இது. சிங்கப்பூரைச் சேர்ந்த ஒருவர் இதே மாத்திரையை எடுத்துவந்த நிலையில் 2008 டிசம்பரில் அமெரிக்கா சென்றபோது, ரேகை பதியாததால் குடிவரவு அதிகாரிகளால் 4 மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். அவருடைய மருத்துவர்கள் அதை மறு ஆண்டு மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். ரேஷன் கடையில் கருவிழிப் பதிவு வசதி இருந்தால் அதைக் கேளுங்கள். அட்டையில் பெயருள்ள வேறொருவரும் போகலாம். ஓய்வூதியம் பெறுபவராக இருந்தால் உயிர்வாழ் சான்றிதழை முகப் பதிவு மூலம் அளிக்க வழியிருக்கிறது. மருந்து நின்ற பின் ரேகை பெரும்பாலோருக்கு மெல்லத் திரும்பும்.

தோலைப் பொறுத்தவரை யூரியா கலந்த களிம்பை நாள்தோறும் தடவலாம். டெல்லி எய்ம்ஸில் 264 நோயாளிகளிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில், மூட்டுவலிக்குத் தடவும் 1 விழுக்காடு டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தொடக்கத்திலிருந்தே கைகளில் நாளுக்கு இருமுறை தடவியவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே நடுத்தரம் அல்லது கடுமையான அழற்சி வந்தது. வெறும் ஜெல் தடவியவர்களிடம் அது 15 விழுக்காடு. மலிவான மருந்தைக் கொண்டு நம் நாட்டிலேயே செய்த ஆய்வு என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. அது வருமுன் காக்கும் முறை என்பதால், ஏற்கெனவே சிவந்த கையில் தடவலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பது, அரிவாள்மணையில் அழுத்தி நறுக்குவது, இறுக்கமான செருப்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தோல் வெடித்து வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும்.

மருந்து வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் டெல்லியில் காவல்துறை பிடித்த ஒரு கும்பல், விலையுயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்துப் பூஞ்சைக்கான மருந்தை நிரப்பி விற்றிருந்தது. பாதி விலைக்குத் தருகிறேன் என்று அலைபேசியில் வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். உரிமம் பெற்ற கடையில், தொகுதி எண் எழுதிய ரசீதோடு வாங்குங்கள். பயன்படுத்திய குப்பியின் பெயர்ச்சீட்டை மருத்துவமனையில் கிழித்தோ அழித்தோ விடுகிறார்களா என்று கேட்பதிலும் தவறில்லை. கடுமையான பக்கவிளைவு நேர்ந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியின் குடும்பத்தினரே தெரிவிக்கலாம்.

பொருநைக்கரை எழுதியது:

இன்னும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். என் தங்கை கருவுற்றிருக்கிறாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருக்கிறாள். அம்மாவின் மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பதும் துணி துவைப்பதும் அவள்தான். அதனால் ஏதேனும் ஆபத்து உண்டா?

செவிலியர் மதுரை எழுதியது:

கேட்டது நல்லதாயிற்று சகோதரி. அந்த இரண்டு வேலைகளையும் அவரிடமிருந்து மாற்றிவிடுங்கள். கேபசிட்டபின் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக் கூடிய மருந்து. கருவுற்றவர்கள் வெறுங்கையால் அதைத் தொடக் கூடாது. அம்மா தாமே அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. இயலாவிட்டால் வேறொருவர் கையுறை அணிந்து எடுத்துத் தந்து, பிறகு கையைச் சோப்பால் கழுவ வேண்டும். மீந்த மாத்திரைகளைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள்.

டிரிப்ஸ் ஏற்றிய 48 மணி நேரமும், மாத்திரை எடுக்கும் நாட்களும், கடைசி மாத்திரைக்குப் பிந்தைய இரண்டு நாட்களும் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் இருக்கும். கழிவறையைப் பயன்படுத்திய பின் இருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அழுக்கான துணிகளைக் கையுறையோடு எடுத்துத் தனியாக ஒருமுறை அலசிவிட்டு, மறுபடியும் சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். தங்கை அதைச் செய்ய வேண்டாம்.

இதற்கு அப்பால் அவரை அம்மாவிடமிருந்து விலக்கி வைக்கத் தேவையில்லை. ஒரே அறையில் உறங்கலாம், அருகில் அமர்ந்து உண்ணலாம், கையைப் பிடித்து நடத்திச் செல்லலாம். அவருக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் மட்டும் அம்மாவின் பொருட்டு முகக்கவசம் அணிந்துகொள்ளச் சொல்லுங்கள்.